வீட்டுப் பேரு

"பெரியப்பா, நீங்க தண்ணியில விழுந்தா உங்களை யாரு கூப்பிடுவாங்க?"

சங்கமித்ரா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. பரிசலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே துடுப்போடு கோவிந்தப்பா. இருவருக்கும் நடுவில், முகத்தைத் துண்டால் மூடி, அவளுடைய அண்ணன் விக்கியைக் கிடத்தியிருந்தது.

கோவிந்தப்பா அதற்குப் பதில் சொன்னார். அந்தப் பதிலைப் பிறகு சொல்கிறேன்.

தொம்மலூருக்குக் கிழக்கே, கண்ணாடிக் கட்டடங்கள் சுற்றி நிற்கிற அந்த ஏரிக்குச் சர்க்கார் பலகையில் நீளமாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. கரையில் குடியிருக்கிற தமிழர்களுக்கு அது வெறும் கெரே; கன்னடத்தில் ஏரி. அந்தக் கெரேயில் கோவிந்தப்பா நாற்பத்தாறு வருஷம் வலை போட்டார். மீனவர் சங்கம் டெண்டர் எடுக்கும். அவர் விடியற்காலையில் பரிசலைத் தள்ளிக்கொண்டு போனால் எட்டு மணிக்குக் கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும் கரையில் கிடக்கும். போகும்போது பரிசலில் ஒரு சாக்குத் தவிடு இருக்கும். கைநிறைய அள்ளித் தூவினால் மீன் மேலே வரும். முதலில் மாட்டிய மீனைக் கரைக் கோயிலிலுள்ள கங்கம்மாவின் பேரைச் சொல்லித் திரும்பத் தண்ணீரில் விடுவார். தெருவில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது இருந்தால் கட்லாத் தலை அந்த வீட்டுக்குப் போய்விடும். காசு கேட்டால் அவருக்குக் காது கேட்காது.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. யாரும் நியமிக்காத வேலை. கெரேயில் ஆள் மூழ்கிவிட்டால் அவர்தான் எடுத்துவருவார். போலீஸ்காரர்களே வந்து கதவைத் தட்டுவார்கள். ஆனால் அவர் நேராகப் போய்த் தேடுவதில்லை. செத்தவரின் வீட்டார் ஒருவரைப் பரிசலில் ஏற்றிக்கொள்வார்.

"வீட்டுப் பேரு இன்னா?"

"சந்திரசேகர்..."

"அது ஆதார் கார்டுல இருக்கிற பேரு. தண்ணிக்கு அது தெரியாது. அம்மா சோத்துக்குக் கூப்பிடற பேரைச் சொல்லு."

அந்தப் பெயர் தெரிந்த பிறகு பரிசலின் விளிம்பில் துடுப்பால் மூன்று தட்டு தட்டுவார். வீட்டார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று முறை. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஓர் இடத்துக்குப் போய்க் கொக்கிக் கயிற்றை இறக்குவார். அது வெறுமனே திரும்பியதில்லை. எடுத்தவுடன் தன் துண்டால் முகத்தைத் துடைத்து மூடிவிடுவார். "அம்மாக்காரி பாக்கும்போது மொகத்துல சேறு இருக்கக்கூடாது" என்பார். கூலி வாங்கமாட்டார். கரையில் நோயல் கடையில் ஒரு டீ, சக்கரை கம்மியாக.

இன்றைக்கும் அந்தக் கரையில் சொல்கிறார்கள், கோவிந்தப்பா தானாகவே திரும்பி வந்தார் என்று. நாலாம் நாள் விடியற்காலையில், கங்கம்மா கோயில் படிக்கட்டில், தன் துண்டாலேயே தன் முகத்தை மூடிக்கொண்டு, பரிசல் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு. அத்தனை பேரைக் கொண்டுவந்தவனைக் கங்கம்மா கொண்டுவந்து விட்டாள் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் கங்கம்மா யார் கையால் அதைச் செய்தாள் என்பது ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் சொல்லமாட்டாள்.

அவர் காணாமல் போனது ஒரு திங்கட்கிழமை. எட்டு மணிக்குப் பரிசல் கெரே நடுவில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வலையில் பாதி தண்ணீரில், பாதி பரிசலில். விளிம்பில் துண்டு மடித்தபடி இருந்தது. டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. காற்று இல்லை, அலை இல்லை. எழுபத்தொரு வயதிலும் அந்த ஆழத் தண்ணீரில் முழங்காலளவுத் தண்ணீரில் நிற்பது போல நின்று பேசிய மனிதர்.

தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் வந்தார்கள். திங்கள் முழுக்கத் தேடினார்கள், செவ்வாய் முழுக்கத் தேடினார்கள். தண்ணீருக்குள் காமிராவை இறக்கினார்கள். ஆகாயத்தாமரையை வாரி வாரிக் கரையில் போட்டார்கள். ஒன்றும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் மீனவர் சங்கச் செயலாளர் வைத்தீஸ்வரன் சொன்னார். "அவர் செய்யற மாதிரியே செஞ்சு பாத்துடுவோம். வள்ளியம்மாவை ஏத்துங்க."

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் சங்கமித்ரா அன்று லீவு போட்டுவிட்டு அம்மா ரஞ்சிதத்தோடு கரையில் நின்றாள். இப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது.

கோவிந்தப்பாவின் மனைவி வள்ளியம்மா பரிசலில் ஏறி உட்கார்ந்தாள். வைத்தீஸ்வரன் விளிம்பில் மூன்று தட்டு தட்டினார்.

"கூப்பிடுங்கம்மா."

"ஏங்க..." என்றாள் வள்ளியம்மா. "ஏங்க, இங்க பாருங்க..."

"அது எல்லாரும் கூப்பிடறதும்மா. பேரு சொல்லணும். வீட்டுப் பேரு."

வள்ளியம்மா தலையை ஆட்டினாள். "தெரியாதே சாமி. நான் கட்டிக்கிட்டு வரும்போதே மாமியார் இல்ல. கேட்டா சிரிப்பாரு. 'பேரு சொல்லிக் கூப்பிடற ஆளா நீ'ன்னு கேலி பண்ணுவாரு."

வேறு வழி இல்லாமல், நாற்பத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக, அவள் புருஷன் பேரைச் சொன்னாள். "கோவிந்தப்பா!" சொன்ன மறுகணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கரையில் நின்ற பெண்கள் எல்லோரும் தலை குனிந்துகொண்டார்கள். மூன்று முறை கூப்பிட்டாள். கெரே கேட்காத மாதிரி கிடந்தது.

மாலையில் தீயணைப்பு அதிகாரி வைத்தீஸ்வரனிடம் கன்னடத்தில் சொன்னதைச் சங்கமித்ரா கேட்டாள். நாளைக் காலையிலிருந்து பெரிய மழை. தண்ணீர் ஏறினால் மதகைத் திறந்துவிடுவார்கள். திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் ராஜகாலுவேயில் போய்விடும். அந்தச் சாக்கடைக் கால்வாய் எங்கெங்கோ பூமிக்கு அடியில் ஓடுகிறது. அதற்குப் பிறகு தேடுவதில் அர்த்தமில்லை.

"அப்ப காரியம் எப்படிங்க பண்றது?" என்றாள் வள்ளியம்மா. யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "மொகம் பாக்காம நான் எப்படிங்க பொட்டை அழிக்கறது?"

நோயல் கடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வள்ளியம்மா ஒரு பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பேச்சு கோவிந்தப்பாவைப் பற்றியே சுற்றியது. காலையில் கெரேயைச் சுற்றி ஓடுகிற ஐ.டி. ஆட்களைப் பார்த்து, "எவனும் தொரத்தலியே, ஏன் ஓடறீங்க?" என்று அவர் கேட்டதை ஒருவர் சொன்னார். தன் கை எடைக்கல்லைவிட நியாயமானது என்று மீனைக் கையாலேயே தூக்கிப் போட்டு, எப்போதும் ஒரு மீன் அதிகமாகவே போட்டதை இன்னொருவர் சொன்னார்.

"பொணத்தைத் தூக்கிப் போட்டுட்டு வந்து 'நோயலு, சக்கரை ஜாஸ்தி பண்ணிட்டியே'ம்பாரு" என்றார் நோயல். சிரித்தார்கள். நோயல் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும் சார். யாரும் கிண்டல் பண்ணக்கூடாது."

"சொல்லு."

"திங்கக்கெழம. இருட்டு விலகல. பால் பாக்கெட்டைப் பிரிச்சுட்டு இருந்தேன். அண்ணன் டீயை வாங்கிட்டாரு. அப்ப கெரே பக்கத்துலருந்து ஒரு பொம்பளக் குரல். 'தவிடு... தவிடு...'ன்னு. தவிடு விக்கற பொம்பளன்னு நெனச்சேன்."

"தொம்மலூர்ல எவன்டா மாடு வெச்சிருக்கான், தவிடு வாங்க?" என்றார் வைத்தீஸ்வரன்.

"அதான் சார் எனக்கும் அப்புறம் தோணிச்சு. அண்ணன்தான் மீனுக்கு வாங்குவாரே, அவருக்குக் கொண்டாந்து கொடுக்கறாங்களோன்னு விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கெழம போட்டது உனக்கு எறங்கல."

"மாதா மேல சத்தியம் சார். விக்கற மாதிரியும் இல்ல அந்தக் குரல். கோவமும் இல்ல. பசங்களைச் சோத்துக்குக் கூப்பிடுவாங்களே, அப்படி. அண்ணன் டீயைக் குடிக்காமலே கீழ வெச்சாரு. 'தோ வர்றேன்'னாரு. என்கிட்டதான் சொல்லிட்டுப் போறாருன்னு நெனச்சேன்."

சங்கமித்ராவின் கையில் இருந்த டம்ளர் சாய்ந்து டீ மடியில் கொட்டியது. சுட்டது அவளுக்கு உறைக்கவில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கங்கம்மா கோயில் படிக்கட்டில் அவளும் விக்கியும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய சிவப்புச் செருப்பு ஒன்று நழுவித் தண்ணீரில் போயிற்று. "அண்ணா, என் செருப்பு!" என்று அழுதாள். விக்கி இறங்கினான். இரண்டு படி. மூன்றாவது படி பாசி.

அப்பா ஜெயவேலு கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தார். அம்மா மயங்கிக் கிடந்தாள். கூப்பிட வீட்டார் வேறு யாரும் இல்லாததால் கோவிந்தப்பா அந்த ஏழு வயதுப் பெண்ணையே பரிசலில் தூக்கி உட்கார வைத்தார். மொச்சைக்காய்க் காலத்தில் பிறந்ததால் அம்மா விக்கியை 'மொச்ச' என்று கூப்பிடுவாள். அந்தப் பெயரைச் சொல்லி அவள் கூப்பிட்டாள். மூன்றாவது முறை தண்ணீரில் குமிழி வந்தது.

மேலே வந்த விக்கியின் கையில் சிவப்புச் செருப்பு இருந்தது.

கோவிந்தப்பா அந்தச் செருப்பைப் பார்த்தார். செருப்பில்லாத அவளுடைய ஒரு காலைப் பார்த்தார். விக்கியின் விரல்களை ஒவ்வொன்றாக, தூங்குகிற பிள்ளையின் விரலைப் பிரிப்பது போலப் பிரித்து, செருப்பை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அவள் காலில் மிச்சம் இருந்த செருப்பையும் கழற்றி அதன் பின்னாலேயே விட்டார்.

"செருப்போட பரிசல்ல ஏறக்கூடாதுன்னு நான்தான் கழட்டச் சொன்னேன். யாரு கேட்டாலும் அதான். புரிஞ்சுதா சங்கு?"

அவள் தலையாட்டினாள். அவர் மறுபடி துடுப்பு போட்டார். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அவர் துடுப்பை நிறுத்தினார். குழந்தையின் முகத்தில் என்ன பார்த்தாரோ. ஒரு பெரிய ரகசியத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தர ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற முகம் அது.

"உன்னுது ஒண்ணு என்கிட்ட இருக்கு. என்னுது ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும்" என்று அவள் காதோரம் குனிந்தார். "எனக்கு முன்னாடி மூணு புள்ளைங்க செத்துப் போச்சு. நான் பொறந்ததும் எங்கம்மா என்னைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு, ஒரு படி தவிட்டைக் கொட்டி வாங்கிக்கிட்டா. வாங்கின புள்ளைன்னா எமன் தொடமாட்டானாம். அதனால வீட்டுல என் பேரு தவிடு. ஒம்போது வயசுல அம்மா போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேரை யாரும் கூப்பிடல. தண்ணிக்குத் தெரிஞ்சா அது கூப்பிட்டுடும், அதனால நானும் சொல்றதில்ல. உனக்கு மட்டும்தான் தெரியும். நான் வரலன்னா நீ கூப்பிடு."

நோயல் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தபோது ரஞ்சிதம் சொன்னாள். "என் புள்ளையக் கொண்டாந்து மடியில போட்ட மனுஷன். அவரைக் கூப்பிட ஒரு ஆள் இல்லாம போச்சே."

"அம்மா" என்றாள் சங்கமித்ரா.

"இன்னா?"

சொல்லிவிடலாம். வைத்தீஸ்வரனிடம் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எப்போது சொன்னார், ஏன் சொன்னார் என்று கேட்பார்கள். கடைசியில் சிவப்புச் செருப்பு இந்த அம்மாவின் முன்னால் வந்து விழும். அந்த மனிதர் பதினெட்டு வருஷம் சுமந்ததை அவர் செத்த மூன்றாம் நாளே போட்டு உடைப்பதா?

"ஒண்ணுமில்லம்மா."

அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. அந்தப் பெயர் தனக்கு மட்டும்தான் தெரியும் என்றால், திங்கட்கிழமை கூப்பிட்டது யார்? தண்ணீர் அதைக் கற்றுக்கொண்டுவிட்டதா? பெயரால் வாங்கிக்கொண்டதைப் பெயர் சொன்னால் விட்டுவிடுமா? அல்லது இரண்டாவது பெயரையும் கேட்டுக்கொள்ளுமா? அவளுடைய வீட்டுப் பெயர் சங்கு என்று கெரேயின் மேல்தானே அவர் அன்றைக்குச் சொன்னார்.

வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அவள் உட்கார்ந்து சரணம் சொன்னாள். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடேயே செய்யலாம் என்ற அளவுக்கு மனசு நின்றது. பிரார்த்தனையில் பெரும்பாலும் கிடைப்பது அவ்வளவுதான். அது போதும்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு அவள் கரைக்கு வந்தாள். நோயல் கடை திறக்கவில்லை. மேகம் கீழே இறங்கியிருந்தது. கம்பெனிக் கட்டடங்களின் விளக்குகள் பனியில் கலங்கித் தெரிந்தன. படிக்கட்டுக் கம்பத்தில் கோவிந்தப்பாவின் பரிசலைக் கட்டி வைத்திருந்தார்கள். துடுப்பு, மடித்த துண்டு, சாக்கில் மீதித் தவிடு எல்லாம் அப்படியே இருந்தன.

செருப்பைப் படியில் கழற்றி வைத்துவிட்டுப் பரிசலில் ஏறினாள். கயிறு விட்ட அளவுக்கு அது நகர்ந்து நின்றது. துடுப்பை எடுத்து விளிம்பில் மூன்று முறை தட்டினாள்.

"பெரியப்பா..."

பழக்கத்தில் வந்துவிட்டது. கெரே அசையவில்லை. அப்பாவைவிட மூத்த மனிதரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நாக்கு எழவில்லை. அம்மா கூப்பிடுவது போல என்றால் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"தவிடு. தவிடு, வாடா சாமி. வீட்டுக்கு வா."

தவளைச் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பக்கக் கரையிலிருந்து, ஆகாயத்தாமரைக்கு அப்பாலிருந்து, ஒரு குரல் வந்தது.

"தவிடு..."

எதிரொலி இல்லை. அவளுடைய குரல் இல்லை அது. கொஞ்சம் கரகரத்த, அவசரமில்லாத, தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற பெண்ணின் குரல். பரிசல் காற்றில்லாமல் மெல்லத் திரும்பி அந்தக் கரையைப் பார்த்து நின்றது. கயிறு விறைத்தது. குதித்துப் படியேறி ஓடியிருப்பாள். ஆனால் வள்ளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது ஞாபகம் வந்தது.

அவள் அந்தக் குரலிடம் பேசினாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேசுவது போலப் பேசினாள்.

"அம்மா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. பெத்தவங்களா இருந்தா உங்க உரிமை பெருசு. இங்க பெரியம்மா மூணு நாளா சாப்பிடாம உக்காந்திருக்காங்க. ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பி வைங்க. மொகம் பாத்துக்கட்டும். அப்புறம் உங்ககூடவே வெச்சுக்கோங்கம்மா."

சாக்கிலிருந்து தவிட்டை அள்ளித் தண்ணீரில் தூவினாள். அவர் தூவுவது போலவே, கையை வீசாமல், விரல் வழியாக. மீன்கள் வந்தன. பத்து, இருபது, எண்ண முடியாமல், வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் கொதிப்பது போல இருந்தது. சட்டென்று எல்லாம் ஒரே நேரத்தில் விலகி, நடுவில் வழி விட்டன.

"தவிடு" என்றாள் மூன்றாவது முறை. "போலாம் வா."

கயிறு தளர்ந்தது.

முதலில் நரைத்த தலை தெரிந்தது. பிறகு நீலச்சட்டையின் முதுகு. யாரோ தள்ளிவிட்டது போல அவர் மெதுவாக, ஒரு சுற்றும் சுற்றாமல், பரிசலின் ஓரத்துக்கு வந்து நின்றார்.

அவள் அழவில்லை. பரிசலைப் படிக்கு இழுத்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அவரைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள். தண்ணீரில் அவர் கனக்கவே இல்லை. துண்டை நனைத்து நெற்றியில் இருந்த சேற்றைத் துடைத்தாள். மூக்கோரம், காதோரம், மீசையில் ஒட்டிய பாசி எல்லாவற்றையும் துடைத்தாள். பிறகு துண்டை அலசிப் பிழிந்து முகத்தை மூடினாள். தண்ணீர் மறுபடி இழுத்துவிடாதபடி பரிசல் கயிற்றை அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

"சரியாப் போச்சு பெரியப்பா" என்று மெல்லச் சொன்னாள்.

அந்தக் கரையில் யாரோ திரும்பி நடப்பது போல ஆகாயத்தாமரை ஒருமுறை அசைந்து அடங்கியது. அவள் அந்தப் பக்கம் பார்த்துக் கைகூப்பினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். மேலே நோயல் கடை ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது. அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் கோயிலின் பின்பக்கமாகச் சந்துக்குள் போய்விட்டாள்.

வீட்டு வாசலை அவள் தொட்டபோது மழை தொடங்கியது.